எனக்கு நானே எழுதிய சிபாரிசு

அருமனையில் நான் வேலை பார்த்த மலைச்சரக்குக் கடையில் ‘முடியாது’ என்ற சொல் புழங்காது. ஒருவர் கடனாகச் சாக்கு கேட்டால் ‘பாக்கலாம்’ என்பார் முதலாளி. இன்னொருவர் மகனுக்கு வேலை கேட்டால் ‘அதுக்கென்ன, செய்யலாம்’ என்பார். ஆறு ஆண்டுகள் அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். முகத்துக்கு நேரே அவர் யாரையும் மறுத்து நான் பார்த்ததில்லை. ஊரில் அவருக்கு நல்ல மனுசன் என்று பெயர். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சம்பளத்துக்காக அல்ல, நம்பித்தான்.

நான் கிழக்கே நெல் விளைகிற கிராமத்தான். பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்த கையோடு, வெள்ளைக்காரன் கப்பலேறிய சில மாதங்களில், மேற்கே இந்த ரப்பரும் தென்னையும் அடைந்த ஊருக்கு வந்தேன். மிளகு, சுக்கு, பாக்கு, ரப்பர் ஷீட் எல்லாம் வாங்கி வடக்கே துறைமுகப் பட்டணத்துக்கு அனுப்புகிற கடை அது. அங்கே எனக்குக் கடிதம் எழுதுகிற வேலை. வடக்கேயிருந்து வருகிற கடிதங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். எனக்கு வந்த இங்கிலீஷ் பாதிக்குமேல் அந்தக் கடிதங்களிலிருந்து வந்ததுதான். நல்ல வாக்கியம் ஒன்று கண்ணில் பட்டால் நோட்டில் எழுதிக்கொள்வேன். அதே நோட்டைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்தில் ஆட்கள் பேசின பேச்சு இருக்கும். அதில் பாதிக்குமேல் எங்கள் கடைத் தராசுக்காரர் சொன்னது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன். நனைந்த மிளகைக் கொண்டுவந்து காய்ந்தது என்று சாதித்த ஒருவரிடம், “வேய், உம்ம மிளகு குளிச்சிட்டு தல தொவட்டாம வந்திருக்கு” என்று அவர் சொன்னதை நான் அன்றே எழுதிக்கொண்டேன்.

அந்த ஆண்டு, திருவிதாங்கூர்த் தமிழர்கள் எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று சாயாக்கடைக்குச் சாயாக்கடை வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த ஆண்டு, பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தேன். வடக்கே அதே துறைமுகப் பட்டணத்தில் ஒரு வணிகக் கல்லூரி. இரண்டு வருடப் படிப்பு. இடங்கள் குறைவு, அதில் சிலவற்றை வியாபார நிலையங்களில் ஐந்து ஆண்டாவது வேலை பார்த்தவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். வயது இருபத்துமூன்றைத் தாண்டக் கூடாது. எனக்கு அப்போது இருபத்திரண்டு முடிந்து ஏழு மாதம். அடுத்த ஆண்டு விண்ணப்பம் போட முடியாது.

அங்கே படித்து வந்தவர்களைக் கம்பெனிகளில் மேலாளராக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிறர் சொல்ல எழுதுகிறவனாகவே காலம் போய்விடுமோ என்ற பயம் எனக்குள் இருந்தது. நான் சொல்ல இன்னொருவர் எழுதும் நாள் ஒன்று வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது. தராசுக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

“கொள்ளாம், நல்ல காரியந்தாம்” என்றார். “பின்ன நீ மொதலாளியாயிட்டு வருவியா?”

“மேனேஜர் அண்ணே.”

“ரெண்டும் ஒண்ணுதாம்லே. ஒருத்தன் வெரட்டுவான், மத்தவன் இங்கிலீஷிலே வெரட்டுவான்.”

விண்ணப்பப் படிவம் எட்டுப் பக்கம். பெயரும் படிப்பும் எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். தட்டெழுத்து தெரியுமா என்று ஒரு கேள்வி. தெரியாது. மூன்று மாதம் இருந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு தட்டெழுத்துப் பள்ளியில் சேர்ந்தேன். காலை முதல் பஸ்ஸில் போய், கடை திறக்குமுன் திரும்பி வருவேன். விரல் நுனியெல்லாம் வலிக்கும். சாப்பிடும்போதுகூட விரல்கள் இலையில் எழுத்து தேடும். பொது அறிவு என்று ஒரு பகுதி. பழைய பத்திரிகைகளை வாங்கி, உலகத்தில் எந்த நாட்டில் என்ன விளைகிறது என்று மனப்பாடம் செய்தேன். விளையாட்டு என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தேன்.

“திற்பரப்பு அருவியிலே குளிச்சிருக்கல்லா? நீச்சல்ணு போடு” என்றார் தராசுக்காரர்.

“அங்கே நின்னுதானே குளிச்சேன்.”

“நின்னது அவியளுக்கு எப்பிடித் தெரியும்?”

நீச்சல் என்று எழுதவில்லை. நடை என்று எழுதினேன்.

அதிகம் பாடுபட்டது கட்டுரைக்குத்தான். வேலை பார்க்கும் இடத்தில் நீங்களாக யோசித்துச் செய்த ஒரு மாற்றத்தைப் பற்றி எழுத வேண்டும். எனக்கு ஒன்று இருந்தது. எங்கள் மிளகு வடக்கே போய்ச் சேர்ந்ததும், நீங்கள் சொன்ன தரம் இது இல்லை என்று அடிக்கடி கடிதம் வரும். நாங்கள் ஒன்று எழுத, அவர்கள் ஒன்று எழுத, சரக்கு அங்கே கிடங்கில் கிடக்கும். ஒவ்வொரு முறை மூட்டை கட்டும்போதும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, இரண்டு சின்னத் துணிப்பைகளில் போட்டுத் தைத்து, ஒன்றைக் கடிதத்தோடு அனுப்பி, ஒன்றை நம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தச் சண்டை ஓய்ந்தது. எழுதியதைப் படித்துப் பார்த்தால் எனக்கே அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஏழு முறை மாற்றி எழுதினேன். கடைசியில் பெரிய சொற்களையெல்லாம் அடித்துவிட்டு, பையைத் தைத்த நூல் என்ன நிறம் என்பது வரை நடந்ததை நடந்தபடி எழுதியபோதுதான் கட்டுரை எழுந்து நின்றது.

பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கினேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: வேலை பார்க்கும் இடத்து முதலாளியிடமிருந்து, உறையிட்டு அரக்கு வைத்து மூடிய சிபாரிசுக் கடிதம். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே மதிப்பு அதிகம் என்று படிவத்திலேயே போட்டிருந்தது.

இங்கே எங்கள் கடையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

முதலாளியிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு மாதத்தில் நாலைந்து பேராவது வருவார்கள். வடக்கே எங்கள் சரக்கு வாங்குகிற கம்பெனிகளில் மகனுக்கு, மருமகனுக்கு ஒரு வேலை. அவர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. “எழுதிக் குடு” என்று என்னிடம் சொல்லுவார். நானும் நன்றாகவே எழுதுவேன். அவர் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையைக் குத்துவார். முத்திரை கையெழுத்தின் மேல் ஏறி விழுந்தால், இந்த ஆளுக்கு உண்மையிலேயே உதவ வேண்டும் என்று பொருள். கையெழுத்தைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளி விழுந்தால், முகத்துக்காக எழுதியது, கண்டுகொள்ள வேண்டாம் என்று பொருள். எங்களோடு நெடுநாள் வியாபாரம் செய்கிற வடக்கத்தி முதலாளிமாருக்கெல்லாம் இது தெரியும். கடிதம் கேட்டு வருகிறவர்களுக்குத் தெரியாது. முத்திரை பெரும்பாலும் தள்ளித்தான் விழும். கடிதத்தை மடித்து உறையிலிட்டுச் சிரித்த முகத்தோடு கொடுத்தனுப்புவது என் வேலை. வியாபாரத்தில் இதெல்லாம் உண்டு என்று நினைத்திருந்தேன். முதலாளி யாரையும் நோகடிக்காமல் அனுப்பக் கண்டுபிடித்த வழி என்று அதை மெச்சியும் இருக்கிறேன்.

படிக்கிற நீங்கள் மீதியை இதற்குள் ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை.

ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து அவர் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சொன்னேன். கேட்டதும் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

“கொள்ளாமே மக்கா. எனக்க கடையிலே இருந்து ஒருத்தன் காலேசுக்குப் போறது எனக்குல்லா பெருமை. எடு பேப்பர.”

“நானேவா எழுதணும் மொதலாளி?”

“நீ எழுதாம பின்ன யாரு எழுதுவா? ஒன்னைப் பத்தி ஒன்னைவிட யாருக்குத் தெரியும்?”

உட்கார்ந்து எழுதினேன். ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார், நேர்மையானவர், காலம் தவறாதவர். அதற்குமேல் என்னைப் பற்றி நானே என்ன எழுதுவது? வாசித்துக் காட்டினேன். அவருக்குப் போதவில்லை.

“என்னலே இது, வண்டிமாடு விக்க எழுதினது மாதிரி இருக்கு. நல்லா எழுது. இவன் வந்த பெறவு எனக்க வியாபாரம் தெளிஞ்சதுண்ணு போடு. மிளகுப் பை சங்கதியப் போடு. பின்ன, இவன் எனக்கு மகனப்போலண்ணும் போடு.”

“அது எதுக்கு மொதலாளி?”

“எழுதுலே. உள்ளதத்தானே சொல்லுதேன்.”

இவர் எனக்கு மகனைப் போன்றவர் என்று என் கையாலேயே, இங்கிலீஷில், என் நல்ல எழுத்தில் எழுதினேன். எழுதும்போது கண் கலங்கியது. அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்துகொண்டேன்.

கையெழுத்துப் போடுகிற நேரம் வந்தது. தன்னைப் பற்றிய கடிதத்தில் பெரியவர் ஒருவர் ஒப்பமிடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. தன் புகழ்ச்சிக்குத் தானே காவல் நிற்பதுபோல் ஆகிவிடும். அதனால் நான் வெளியே போய் முற்றத்தில் காயப்போட்டிருந்த பாக்கைக் கிளறிக்கொண்டு நின்றேன். உள்ளே முதலாளியும், மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு தராசுக்காரரும். முத்திரை விழுகிற சத்தம் கேட்டது. அரக்கு உருகுகிற மணம் வந்தது. உறையைக் கொண்டுவந்து தந்தவர் தராசுக்காரர். தரும்போது எப்போதும் போல ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். “பத்திரமா வச்சிக்க, மடங்கிராம” என்று மட்டும் சொன்னார்.

படிவத்தைத் தபாலில் அனுப்பினேன்; சிபாரிசு உறையை மட்டும் நேர்காணலுக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும். அழைப்பு வந்தது. அந்த அழைப்பை ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்ப்பேன். முதலாளி மூன்று நாள் விடுப்பு தந்தார். வீட்டிலிருந்து வழிச்சோறு கட்டி அனுப்பினார். திருவனந்தபுரம், கொல்லம் வரை பஸ். அதற்கப்புறம் காயலில் படகு. படகில் பக்கத்தில் இருந்த ஒரு பெண், என் மடியிலிருந்த உறையைப் பார்த்து, “கல்யாணப் பத்திரிகையா?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

கல்லூரியில் என்னைக் கூப்பிட்டபோது மேசைக்கு அந்தப்புறம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கல்லூரி முதல்வர். ஒருபுறம் ஓர் ஆசிரியர். மறுபுறம் அந்தப் பட்டணத்து வியாபாரி ஒருவர். அவர் பெயரைச் சொன்னதும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆறு ஆண்டுகளாக எங்கள் மிளகை வாங்குகிறவர். அவருக்கு எத்தனை கடிதங்கள் எழுதியிருக்கிறேன். முகத்தை அன்றுதான் பார்க்கிறேன். தெற்கத்தி ஆட்களோடு பழகி நல்ல தமிழ் பேசினார்.

“எனக்கு வர்ற எழுத்தெல்லாம் உன் கைதானே?” என்று கேட்டார்.

“ஆமா ஐயா.”

“கொள்ளாம். முத்து முத்தாட்டு எழுதுவே.”

முதல்வர் கட்டுரையைப் பற்றிக் கேட்டார். துணிப்பை சங்கதியைச் சொன்னேன். “அந்தப் பை வந்த பிறகுதான் எனக்குத் தலைவலி தீர்ந்தது” என்று வியாபாரியே சொன்னார். ஆசிரியர் தலையை ஆட்டினார். முதல்வர் என் படிவத்தின் மூலையில் பென்சிலால் ஏதோ குறித்தார். இடம் கிடைத்துவிட்டது என்று அந்த நிமிடம் நம்பினேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்ததுகூட நினைவிருக்கிறது.

பிறகு வியாபாரி உறையை உடைத்தார். கடிதத்தை உரக்கவே வாசித்தார். மகனைப் போன்றவர் என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். கீழே வந்தார். சிரிப்பு நின்றது. கடிதத்தை மேசையில் வைத்தார்.

எனக்கு அது தலைகீழாகத்தான் தெரிந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் தெரிகிற காரியம்தான் அது. கையெழுத்து ஓரிடத்தில் இருந்தது. முத்திரை இரண்டு விரல் தள்ளி, அவசரமில்லாமல், நேராக, அழகாக விழுந்திருந்தது.

முதல்வர் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. திருப்பிக் கேட்டார். நான் வியாபாரியைப் பார்த்துச் சொன்னேன்: “ஐயா, அந்த முத்திரை கைதவறித் தள்ளி விழுந்திருக்கும்.”

“உங்க முதலாளிக்கா? கைதவறியா?”

அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டதாகவே தோன்றியது.

“இதுபோல எழுத்து உன் கையாலே எனக்கு ஒருபாடு வந்திருக்கு. எல்லாத்தையும் எப்படி வாசிக்கணுமோ அப்படித்தான் வாசிச்சேன். கொண்டுவந்த யாரிடமும், இது கைதவறியதாண்ணு நான் கேட்டதில்லை. உன்னிடம் மட்டும் கேட்கலாமா?”

முதல்வர் ஒன்றும் புரியாமல் என்ன விஷயம் என்றார். “ஒண்ணுமில்லை. வியாபாரக் காரியம்” என்றார் வியாபாரி. கடிதத்தை மடித்து மீண்டும் உறைக்குள் வைத்தார். அதன்பின் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தேர்வானவர்களின் பட்டியலை அன்று மாலையே பலகையில் ஒட்டினார்கள். நான் அதை மூன்று முறை மேலிருந்து கீழே வாசித்தேன். பெயர் இருக்காது என்று தெரிந்தும்தான் வாசித்தேன்.

திரும்பி வருகிற வழி முழுக்க முதலாளிக்காக நானே வாதாடிக்கொண்டு வந்தேன். பழக்க தோஷத்தில் குத்தியிருப்பார். கண் சரியாகத் தெரிந்திருக்காது. கடைக்குள் நுழைந்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

“வந்தியா மக்கா? வல்லதும் சாப்பிட்டியா?”

“கிடைக்கல்ல மொதலாளி.”

“போட்டும். விடு. இஞ்ச ஒனக்கு என்ன கொறை?”

“முத்திரை தள்ளி இருந்தது.”

அவர் முகம் மாறும் என்று நினைத்தேன். மாறவில்லை. ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை.

“நான் ஒன்னப் போவாண்டாம்ணு ஒரு வார்த்தை சொன்னனா?”

“இல்ல.”

“லீவு தரல்லியா? வழிச்சோறு கெட்டித் தரல்லியா?”

“தந்திய. போவாண்டாம்ணு வாயால சொல்லியிருக்கலாமே மொதலாளி. நான் நின்னிருப்பேனே.”

“மொகத்தப் பாத்து எப்பிடிலே சொல்லுவேன்?” என்றார். குரல் உடைந்தது. “மகனாட்டம் வச்சிருக்க பிள்ளையிட்ட அப்பிடி ஒரு சொல்லு எனக்கு வருமா? நீ போயிட்டா எனக்க எழுத்து யாரு எழுதுவா? அதையும் நீ ஆலோசிக்காண்டாமா?”

அவர் கண்ணில் நீர் நின்றது. அது பொய்க் கண்ணீர் அல்ல. ஆறு ஆண்டு பழகியவனுக்கு அது தெரியாதா? பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே வெறுத்து முடித்திருப்பேன். இத்தனை ஆண்டு கழித்து எழுதுகிறபோதும் அந்த மனிதரை முழுதாக வெறுக்க எனக்கு வரவில்லை. அதனால்தானோ என்னவோ, காயமும் முழுதாக ஆறவில்லை.

பின்கட்டில் தராசுக்காரர் சாக்குகளை உதறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் உதறினார்.

“அண்ணே, நீரு பக்கத்திலேதானே நின்னிய?”

“நின்னேன்.”

“பாத்தியளா?”

“பாத்தேன்.” இன்னொரு சாக்கை எடுத்தார். “ஒனக்கு அந்தக் காலேசு போனா இந்தக் கடை உண்டு. எனக்கு இந்தக் கடை போனா என்ன உண்டுலே?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் முத்திரை விழுந்த நாளுக்கும் நான் புறப்பட்ட நாளுக்கும் நடுவில் பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளும் அவர் என்னோடு சாயா குடித்தார். பட்டணத்தில் எங்கே தங்குவாய் என்று கேட்டார். மேனேஜர் சார் என்று கூப்பிட்டுக் கேலி செய்தார். நானும் சிரித்தேன். என் நோட்டின் பின்பக்கத்தில் அந்த நாட்களில் அவர் சொன்ன இரண்டு பேச்சைக்கூட எழுதி வைத்திருக்கிறேன். முதலாளி செய்ததைவிட இது எனக்கு ஆழமாக இறங்கியது. முதலாளி என்னைப் போகவிடாமல் தடுத்தார். இவர் எனக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டே வழியனுப்பினார்.

அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். நாகர்கோவிலில் கூரை ஓடு செய்கிற ஒரு கம்பெனி அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை கிடைத்தது. கல்லூரிக்கென்று படித்த தட்டெழுத்து சோறு போட்டது. ஆனால் உட்கார்ந்து தட்டும்போதெல்லாம் அந்த வியாபாரி கேட்ட கேள்வி உள்ளே அரித்தது. கடிதம் கொண்டுபோன ஒவ்வொரு முகத்தையும் நினைவில் தேட ஆரம்பித்தேன். நிறையப் பேரின் முகம் மறந்துவிட்டது. ஒருவனை மறக்க முடியவில்லை.

இனயத்துக்காரன், மீன்பிடிக்கிற வீட்டுப் பையன். என்னைவிட இரண்டு வயது இளையவன். பள்ளி இறுதித் தேர்வில் தேறியவன். இரண்டு ஆண்டுக்கு முன் எங்கள் சரக்கை ஏற்றுகிற கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலைக்குச் சிபாரிசு கேட்டு வந்தான். என்னோடு இங்கிலீஷிலேயே பேசினான். என்னைவிட நன்றாகப் பேசினான். எழுதிக் கொடுத்தேன். முத்திரை தள்ளி விழுந்தது. அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கடிதத்துக்கு நன்றியாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதலாளிக்கு ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதாகோயில் பூசை கலைந்த நேரத்துக்குப் பிறகு, அவனைத் தேடி இனயத்துக்குப் போனேன். கரையில் வள்ளத்தின் பலகைக்கு மீனெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

“வா மக்கா. மொதலாளிக்குச் சொகந்தானா?”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முத்திரை வழக்கம், அவன் கடிதத்தில் அது எங்கே விழுந்தது, என் கடிதத்தில் எங்கே விழுந்தது, எல்லாம். அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு பலகை முடிந்து அடுத்த பலகைக்கு வந்தான்.

“அப்போ எனக்க இங்கிலீஷ் கொள்ளாதுண்ணு அந்தக் கம்பெனியிலே சொன்னது?”

“சும்மா சொன்னது. ஏதாவது சொல்லணும்லா.”

“ரெண்டு வருசமாட்டு அது கொள்ளாதுண்ணுல்லா நெனச்சிட்டு இருக்கேன்” என்றான். “பேப்பரு வாசிக்கதையே விட்டாச்சு.”

அலை வந்து வள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டுப் போனது. அவன் துணியை எண்ணெயில் முக்கிப் பிழிந்தான்.

“நீ தெரிஞ்சுதானே தந்தே?”

“தெரிஞ்சுதான்.”

“சிரிச்சிட்டுல்லா தந்தே.”

கல்லூரியிலிருந்து கூடுதலாக வாங்கி வைத்திருந்த ஒரு படிவத்தைப் பையிலிருந்து எடுத்தேன். வியாபார நிலையங்களில் வேலை பார்க்காதவர்களுக்கும் அங்கே இடம் உண்டு, உனக்கு இன்னும் இரண்டு வருடம் வயது இருக்கிறது, என்னைப் போல முடிந்துபோகவில்லை என்றேன். எந்தக் கேள்விக்கு எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும், கட்டுரையும் சிபாரிசும் நான் பார்த்துத் தருகிறேன் என்றேன்.

“ஒனக்க எழுத்து எனக்கு வேண்டாம்” என்றான். குரலை உயர்த்தவில்லை. முகத்தைப் பார்த்தே சொன்னான்.

“சரி.”

“கையிலே எண்ணெ. அந்தப் பேப்பர கல்லுக்கு அடியிலே வை. காத்துலே போயிராம.”

கல்லைத் தூக்கிப் படிவத்தை அடியில் வைத்தேன். இன்னொரு கல்லையும் எடுத்து மேலே வைத்தேன். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவன் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தின் ஒரு மூலை காற்றில் படபடத்தது. அந்தப் பக்கம் அவன் இன்னும் திரும்பவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நான் நடந்தேன்.